கோட்டுக்கு ஒரு முடி கீழே

மச்சான்,

நீ வெல்டிங் வைத்த ஒட்டு ஒன்று இப்போது என் மேசையில் கிடக்கிறது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, அவ்வளவுதான். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் நாம் இருவரும் நிறுத்திய மணிக்கூண்டை நேற்று நானே அறுத்து இறக்கினேன். கோயில் தரையை இரண்டடி உயர்த்திக் கட்டுகிறார்களாம், அதனால் கூண்டும் உயர வேண்டுமாம். கிரைண்டரை வைத்ததும் பழைய வெள்ளிப் பெயின்ட் கருகி ஒரு நாற்றம் வந்தது பார். நாலு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலைப்பொழுது அப்படியே வந்து முன்னால் நின்றது.

அறுத்த முகத்தை அரம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். உள்ளே இருப்பது உன் ஒட்டு, அதன் மேல் என் ஒட்டு. உன்னுடையது மெழுகு மாதிரி வழிந்துவிட்டது என்று சொல்லி, வழிந்ததைத் தேய்த்துத் தள்ளிவிட்டு மேலே நான் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? உன்னுடையது தூணோடு தூணாகக் கலந்து கிடக்கிறது. எது தூண், எது ஒட்டு என்று பிரிக்க முடியவில்லை. அதற்கு மேலே, கோயில் கமிட்டியே கைதட்டிய என் ஒட்டின் நடுவில், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொத்தல். கசடைச் சரியாகச் சுரண்டாமல் மேலே ஓட்டியிருக்கிறேன். வெளியில் பார்த்தால் எவ்வளவு அழகு தெரியுமா! அந்த மணியை இத்தனை நாள் தூக்கி வைத்திருந்தது என்னுடையது இல்லை, மச்சான்.

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. மூன்று வருடம் உன் பக்கத்திலேயே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டு சொல்லாதது. இன்றைக்கு எழுதியாவது விடுகிறேன்.

ஹட்டன் வளைவில் நம் கடையைத் திறந்த நாளிலிருந்தே வேலையை நாம் பிரித்துக்கொண்டதில்லை, அதுவாகப் பிரிந்தது. தரையில் கிடத்தி ஒட்டுவதெல்லாம் நான்: கேட், யன்னல் கம்பி, பெஞ்சுக் கால். நிமிர்ந்து நிற்பதெல்லாம் நீ: தூண், ஏணி, தண்ணீர்த் தொட்டி தாங்கி. கிடக்கிற இரும்பில் உருகின குழம்பு போட்ட இடத்தில் கிடக்கும். நிமிர்ந்த இரும்பில் அது கீழே விழத்தான் பார்க்கும். அதை விழாமல் ஏந்திக்கொண்டு கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். "ஓரத்துல நில்லு, நடுவுல ஓடு" என்பாய். சொல்லிவிட்டு உன் மணிக்கட்டை இடமும் வலமும் ஆட்டிக் காட்டுவாய். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு வரவில்லை என்று சொல்லிவிட முடியாது; நீ இருக்கும்போது எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் கைக்கு முன்னால் கரண்டு என்பாய். அதில் மட்டும் உனக்கு விளையாட்டே கிடையாது. பத்தாம் கேஜ் வெல்டிங் ராட்டுக்குத் தரையில் நூற்றிருபது ஆம்பியர் வைத்தால், நிமிர்ந்த வேலைக்கு நூற்றைந்துக்கு மேல் போகக் கூடாது. கூடினால் குழம்பு தொங்கும், ஓரத்தைக் கடிக்கும். குறைந்தால் ராட் ஒட்டிக்கொண்டு வராது, கசடு உள்ளே மாட்டும். நம் பழைய வெல்டிங் பிளாண்டில் எண்கள் எல்லாம் தேய்ந்து போயிருந்ததால், உன் மனைவியின் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாய். நிமிர்ந்த வேலைக்கு முள் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். லயத்து வீடுகளில் எல்லோரும் தேநீருக்குக் கரண்டுக் கேத்தல் போடுகிற நேரத்தில் மின்சாரம் இறங்கும், அப்போது கோட்டுக்கு ஒரு முடி மேலே. தொழிற்சாலை நிற்கிற ஞாயிற்றுக்கிழமையில் மின்சாரம் ஏறும், அப்போது ஒரு முடி கீழே. நீ மேலே சாரத்தில் நின்றுகொண்டு சத்தத்தை வைத்தே சொல்வாய். வடை பொரிகிற மாதிரி கேட்டால் சரி. நான் கீழே பிளாண்டுக்குப் பக்கத்தில் நின்று சக்கரத்தைத் திருப்புவேன். "கூட்டு", "கொறை", "போதும்". இந்த மூன்று வார்த்தையில்தான் நாம் இருபது வருடம் வேலை செய்தோம்.

இதில் எனக்கு ஒரு பெயர் வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும். வட்டவளை கடைத்தெருவில் என்னை 'சுவிச்சு' என்று கூப்பிட்டார்கள். "மேல நிக்கிறவரு பாஸ், கீழ நிக்கிறவரு சுவிச்சு." நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்கு அது குத்தியது என்று உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. திருவிழாவுக்குக் கொடியேற்ற நாலு நாள் இருந்தது. காலையிலிருந்தே பூத்தூறலாக மழை. மணி மாட்டும் குறுக்குச் சட்டத்தை நான் தரையில் வைத்து நூற்றிருபத்தைந்தில் ஒட்டி முடித்தேன். இரும்பு கொஞ்சம் தடிப்பு. பிறகு எல்லோரும் கைகொடுத்துக் கூண்டை நிமிர்த்தி, நீ மேலே ஏறினாய். பிளாண்ட் பத்தடி தள்ளி ஒரு தகரத்தின் கீழே இருந்தது. நான் அங்கே நிற்கவில்லை. கோயில் வாசலில் கமிட்டித் தலைவரோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, கினிகத்தேனையில் ஒரு முதலாளி வீட்டுக் கேட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்த கதையை அளந்துகொண்டிருந்தேன். தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பேச்சை அப்படி ஒரு பெரிய மனுஷன் கேட்பது எனக்கு எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை கிடைக்கும்?

"கொறை மச்சான்! கோட்டுக்குக் கொண்டா, ஒரு முடி கீழ!" என்று மேலிருந்து கத்தினாய்.

எழுந்தால் நனைய வேண்டும். கதையும் பாதியில் நின்றுவிடும். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கொறைச்சாச்சு!" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. கதையை முடித்துவிட்டுப் போய்த் திருப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

நீ ஷீல்டைப் போட்டுக்கொண்டு ஒட்டத் தொடங்கினாய். சத்தம் கடகடவென்று வந்தது. எனக்கே கேட்டது. "இன்னும் கொறை!" என்றாய். தலைவர் அப்போதுதான் "அப்புறம் மொதலாளி என்னா சொன்னாரு?" என்று கேட்டார். நான் திரும்பவும் "கொறைச்சாச்சு மச்சான்!" என்றேன்.

குழம்பு தொங்கித் தொங்கி வழிந்தது. ஒரு சொட்டு உன் சட்டைக் கையில் முட்டிப் பக்கம் பொத்தல் போட்டது. கீழே நின்ற பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "என்னாங்க இது, மெழுகுவத்தியாட்டம் ஒழுகுது" என்று சிரித்தார்கள். நீ நிறுத்தினாய். ராட்டை மாற்றினாய். இன்னும் ஒரு விரல் நீளம் போனாய். அதுவும் வழிந்தது. ஷீல்டைத் தூக்கிவிட்டு ஒட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு ஏணியில் காலை வைத்தாய்.

அப்போதுதான் நான் ஓடினேன். எழுந்தால் நனைந்துவிடுமே என்று உட்கார்ந்திருந்த இந்த எருமைமாடு, நீ நாலு படி இறங்குவதற்குள் மழையில் பாய்ந்து போய்ச் சக்கரத்தைத் திருப்பியது. கோட்டுக்குக் கொண்டு வந்து, ஒரு முடி கீழே. எதற்காக? உன் வாய்க்குப் பயந்து. அத்தனை பேருக்கு முன்னால் நீ என்னை என்ன கிழி கிழிப்பாய் என்று எனக்குத் தெரியாதா? தலைவர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம், அது மட்டுமே அப்போது என் புத்தியில் இருந்தது.

நீ வந்து குனிந்து முள்ளைப் பார்த்தாய். அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாய்.

"கோட்டுக்குக் கீழதானே இருக்கு" என்றாய்.

"அங்கனதான் மச்சான் வச்சேன்" என்றேன்.

நீ என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒரு வார்த்தை, 'நெசமாவா?' என்று கேட்டிருந்தால்கூட நான் உளறியிருப்பேன். நீ உன் வலது கையைத்தான் பார்த்தாய். விரலை விரித்து, மடக்கி, திரும்ப விரித்துப் பார்த்தாய். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கிளினிக்கில் உனக்குச் சீனி கூடியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"நீ ஒருக்கா ஏறிப் பாரு மச்சான்" என்று ஹோல்டரை என்னிடம் நீட்டினாய்.

நான் ஏறினேன். இப்போது கரண்டு சரியாக இருந்தது. வடை பொரிகிற சத்தம். ஓரத்தில் நின்று, நடுவில் ஓடி, நீ இருபது வருடம் ஆட்டிக் காட்டிய மாதிரியே ஆட்டினேன். குழம்பு நான் சொன்னபடி கேட்டது. இறங்கி வந்தபோது தலைவர் கைதட்டினார், பின்னாலேயே மற்றவர்களும் தட்டினார்கள். "என்னாங்க, சுவிச்சே பாஸா ஆகிட்டாரு!" என்று யாரோ சொன்னார்கள். நீ பிளாண்டுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்று சிரித்தாய். அதே பிளாண்ட், அதே ராட், அதே கோடு. கை மட்டும்தான் வேறு. உன் இடத்தில் யார் இருந்தாலும் தன் கையைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பஸ்ஸில் நீ யன்னல் பக்கமாக உட்கார்ந்து, "கை போயிருச்சு மச்சான்" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொன்னால் கோபம் குறைவாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த கிழமை நீ கடையில் பழைய தகடு ஒன்றை நிமிர்த்தி வைத்து ஒட்டிப் பார்த்தாய். நான் பக்கத்திலேயே நின்றேன். கரண்டு சரியாகத்தான் இருந்தது, நானே வைத்தேன். ஆனால் நீ பயந்துபோயிருந்தாய். குழம்பு விழுந்துவிடுமோ என்று ராட்டைத் தூரத் தூக்கிக்கொண்டு அவசரமாக ஓடினாய். கோணல் மாணலாக வந்தது. அதைப் பார்த்துவிட்டு நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்போது நான் சொன்னதை நினைத்தால் இந்த நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

"சீனி வந்தா அப்புடித்தான் மச்சான். நரம்புக்கு அடிக்கும்."

சொன்னேன். என் வாயால் சொன்னேன். நீ தலையாட்டிவிட்டு ஹோல்டரை ஆணியில் மாட்டினாய். அன்றிலிருந்து நிமிர்ந்த வேலையெல்லாம் எனக்கு வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. மேலே நிற்பது பிடித்திருந்தது. தேநீர் முதலில் எனக்கு வருவது பிடித்திருந்தது. சொல்லாமல் இருந்ததற்குப் பயம் மட்டும்தான் காரணம் என்று எழுதினால் இந்தக் கடிதமும் ஒரு பொய்யாகப் போய்விடும்.

நீ கீழே நின்றாய், மூன்று வருடம். நான் மேலிருந்து "கொறை" என்று வாயைத் திறக்குமுன் உன் கை சக்கரத்தில் இருக்கும். மழையோ வெயிலோ, ஓர் அடி நகர மாட்டாய். யாராவது பேச்சுக் கொடுத்தால், "இருங்க, மேல ஆள் நிக்குது" என்பாய். திருப்பிவிட்டு எனக்குக் கேட்கிற மாதிரி ஒப்பிப்பாய்: "கொறைச்சேன் மச்சான், கோட்டுக்கு ஒரு முடி கீழ இருக்கு, போதுமா?" ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்கும்போது ஷீல்டுக்குள்ளே எனக்கு முகம் எரியும். நல்லவேளை, ஷீல்டுக்குள் யாருக்கும் தெரியாது. ராட் குளிர் குடித்துவிடும் என்று முதல் நாளே தகர டப்பாவில் அடுக்கி உன் வீட்டு அடுப்போரத்தில் காய வைத்து, சூடு ஆறாமல் துணியில் சுற்றிக் கொண்டு வருவாய். 'சுவிச்சு' என்ற பெயரும் உனக்கு வந்து சேர்ந்தது. நீ அதற்கும் சிரித்தாய்.

போன வருடம் ஒரு விடியற்காலை, முகம் கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. பெட்டியைத் தூக்கியபோது உன் வலது கைப் பக்கம் நான்தான் இருந்தேன்.

நேற்றுக் கூண்டை இறக்கிவிட்டு இந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே வட்டவளைக்குப் போனேன், உன் வீட்டுக்கு, உன் மனைவியைப் பார்க்க. தங்கச்சி அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து கூடையை வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, என்னா இந்தப் பக்கம்" என்று பெஞ்சை இழுத்துப் போட்டாள். நான் துண்டைக் காட்டி, "மச்சானோட வேலை, உள்ளுக்குப் பாரும்மா, எப்புடிக் கலந்திருக்கு" என்றேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு ஒண்ணு காட்டணும்ணே, சுண்ணாம்பு அடிக்கையில அந்த எடத்த மட்டும் விட்டுட்டேன்" என்று சொல்லி உள் அறைக் கதவைச் சாத்தினாள்.

கதவுக்குப் பின்னால் இருந்த சுவர் அது. தரையிலிருந்து நெஞ்சு உயரத்துக்குக் கரிக்கோடுகள். சும்மா கோடு இல்லை. இடமும் வலமும் பிறை பிறையாக, ஓரத்தில் நின்று நடுவில் ஓடி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கீழிருந்து மேலே. பதினைந்து, இருபது வரிசை இருக்கும். அளந்து வைத்த மாதிரி எல்லாம் ஒரே அளவு. ஒரு இடத்தில்கூட நடுக்கம் இல்லை, மச்சான். ஒரு இடத்தில்கூட இல்லை.

"வேல முடிஞ்சு வந்தா அடுப்புக் கரிய எடுத்துக்கிட்டு இங்கன வந்து நிப்பாரு" என்றாள். "நல்லாத்தானே வருதுங்க, மறுபடி போய்ச் செய்ங்களேன்னு நானும் சொல்லிப் பாத்தேன். ‘கரிக்குக் கை நிக்குது புள்ள, நெருப்புக்கு நிக்கல’ன்னுவாரு. மூணு வருஷமும் அதேதான்."

அங்கேயே, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். தலைவரிடம் அளந்த கதை, மழை, சக்கரம், சீனியைப் பற்றிச் சொன்னது, எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். இரண்டு அடி அடித்தால்கூட நல்லாயிருக்கும் என்றிருந்தது. அவள் கதவை மெல்லத் திறந்து விட்டாள்.

"அத அவருகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள். "கொஞ்சம் கத்தியிருப்பாரு. அப்புறம் போய் ஒட்டியிருப்பாரு."

பிறகு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன். என்ன செய்வது, கொடுத்தாள், குடித்தேன்.

வருகிற சனிக்கிழமை புதுக் கூண்டு நிறுத்துகிறோம். இப்போது கீழே நிற்க வேறொருவர் வருகிறார், பொறுப்பான ஆள்தான். அவர் "கொறைச்சாச்சு" என்று சொன்னாலும் நான் ஏணியில் இறங்கி வந்து, முள்ளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்ப ஏறுகிறேன். இந்தத் தொழிலில் இவ்வளவு கவனமான ஆளைப் பார்த்ததில்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சரியாக வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் நான் போய்ப் பார்ப்பது அவரை இல்லை.

நீ சாரத்தில் நின்று "கொறை" என்று கத்தினாய். நான் குறைக்கவில்லை, மச்சான். உன் கைக்கு ஒன்றுமே ஆகவில்லை.